வேலைக்காரர் அல்லர், விலைக்கு வாங்கப்பட்டவர்

ஜாதவ்பூரில் எட்டு-பி பஸ் நிலையத்தை அடுத்த தேநீர்க் கடைகளில் மாலைவேளை ‘அட்டா’ என்னும் அரட்டையில் அமர்ந்தறியாதவன் கல்கத்தாவில் வாழ்ந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது, உலக விவகாரம் எதுவாயினும் மண்குவளை காலியாவதற்குள் அங்கே தீர்ப்பாகிவிடும். அண்மையில் அடிமை வியாபாரம் பற்றிப் பேச்சு வந்தபோது, நன்கு படித்த நண்பர் ஒருவர், அது அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்திக் காடுகளுக்கு உரிய பாவமேயன்றி இவ்வூரைச் சேர்ந்ததன்று என்றும், இங்கே குடியேறிய ஆங்கிலேயரிடம் இருந்தவர்கள் வீட்டு வேலைக்காரர்களே என்றும், அவர்களும் பஞ்சத்தில் மாளாமல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் என்றும், இருந்த கொஞ்சநஞ்ச வழக்கமும் சுதேசிகளுடையது, அதை ஒழித்தவரே ஆங்கிலேயர் என்றும் மூச்சுவிடாமல் அடுக்கினார். இக்கூற்றை அவர் மட்டும் சொல்லவில்லையாதலால், இதைப் பரிசீலிக்காமல் விடுவது முறையன்று.

வேலைக்காரனுக்குச் சம்பளம் உண்டு, விலை இல்லை. 1780-இல் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி தொடங்கிய பத்திரிகை, கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையே பரிகசிக்கத் துணிந்ததால் பத்திரிகைச் சுதந்திரத்தின் முன்னோடியாக இன்று போற்றப்படுகிறது. அதே தாளின் விளம்பரங்களிலேதான், ‘காப்பிரி’ என்று அழைக்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள், பிரெஞ்சு ஹார்ன் என்னும் ஊதுகொம்பு வாசிக்கத் தெரிந்தவர்களாகவும் வீட்டு வேலைக்கு உதவுபவர்களாகவும் வேண்டும் என்று கேட்கப்பட்டார்கள். விருந்தில் கொம்பூதவும் விருந்து முடிந்தபின் எச்சில் தட்டெடுக்கவும் ஒரே ஆள்!

விளம்பரங்களை அற்பம் என்று ஒதுக்குவோர் ஒரு நீதிபதியின் வாக்கை ஒதுக்க மாட்டார்கள். சாகுந்தலத்தை ஆங்கிலமாக்கியவரும் 1784-இல் ஆசியச் சங்கத்தை ஸ்தாபித்தவருமான சர் வில்லியம் ஜோன்ஸ், 1785 ஜூன் மாதத்தில் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில் கிராண்ட் ஜூரிகளை நோக்கிப் பேசியபோது, ஜனநெருக்கம் மிகுந்த இப்பட்டணத்தில் ஓர் அடிமைக் குழந்தையாவது இல்லாத ஆணோ பெண்ணோ அரிது என்றும், விற்பனைக்கான குழந்தைகள் நிரம்பிய பெரிய படகுகள் ஆற்றில் இறங்கி வருவதை ஜூரிகளே கண்டிருப்பார்கள் என்றும், அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் பெற்றோரிடமிருந்து திருடப்பட்டவர்கள் அல்லது பஞ்சகாலத்தில் ஒருபடி அரிசிக்கு வாங்கப்பட்டவர்கள் என்றும் சொன்னார். தம்மிடமும் அடிமைகள் உண்டென்றும், சாவிலிருந்து மீட்ட அவர்களைத் தாம் மற்ற வேலைக்காரரைப் போலவே கருதுவதாகவும் அந்த உரையிலேயே அவர் ஒப்புக்கொண்டார். இந்நல்லவரின் சாட்சியத்தையே நம் நண்பர் தமக்கு ஆதாரமாகக் கொள்ளலாம். ஆனால் மீட்ட குழந்தையை ஊர் முழுவதும் எந்தப் பெயரிட்டு அழைத்தது என்பதையும் அதே சாட்சியம் சொல்லிவிடுகிறது.

பஞ்சத்தில் காத்த கருணை என்னும் வாதம் என்னை மிகவும் வருத்துவது. 1770-இன் மகா பஞ்சத்தில் வங்காளம் சுடுகாடாகியும், 1771-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வசூலித்த நிலவரி பஞ்சத்துக்கு முந்தைய 1768-இன் வசூலை விஞ்சியது. தானியமாகவும் காசாகவும் இருந்ததை ஒரு கையால் வாரிக்கொண்டு, மறுகையால் ஒருபடி அரிசி நீட்டிக் குழந்தையைப் பெற்றுக்கொள்வதற்குத் தமிழில் தர்மம் என்று பெயரில்லை. நம் சென்னையிலும் கதை வேறன்று. எலிஹு யேல் என்பவர் அங்கிருந்த கம்பெனிக் கோட்டையின் தலைமை ஏற்ற 1687-ஆம் ஆண்டில், பஞ்சத்தில் தவித்த சோழமண்டலக் கரை மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கம்பெனி தலைக்கு ஒரு வராகன் சுங்கம் வாங்கிக்கொண்டது. பட்டினியிலிருந்து காப்பதற்குச் சுங்கம் எதற்கு? இதே யேல் 1718-இல் அளித்த நன்கொடைக்காக வடஅமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி தன் பெயரை மாற்றிக்கொண்டது. அடிமைத்தனம் தெற்கே மட்டும்தான் என்று சொல்வோர் அறிக: அந்த வடக்குக் கனெக்டிகட்டில் அது முற்றிலும் நீங்கியது 1848-இல், அண்டைய மாசசூசெட்ஸோ 1641-லேயே அதைச் சட்டத்தில் எழுதிக்கொண்டது.

வழக்கம் நம்முடையது என்பதில் பாதி உண்மை உண்டு, மறைப்பானேன்? திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரரைத் தம் அடிமையென்று நிறுவக் கிழவர் நீட்டிய ஆளோலையை அறிந்த தமிழன் அதை மறுக்க முடியாது. சோழர் கல்வெட்டுகளிலும் ஆள் விற்ற செய்தி உண்டு. ஆயினும் பழைய வழக்கத்தைச் சகித்தது மட்டுமே கம்பெனியின் செயலாயின், 1772-இல் ஹேஸ்டிங்ஸின் சர்க்கார், கொள்ளைக்காரனைத் தூக்கிலிட்டபின் குற்றமறியாத அவன் குடும்பத்தாரை அரசாங்கத்தின் அடிமைகளாக்க வேண்டுமென்று புதிதாக விதி செய்தது ஏன்?

இறுதியாக, ஒழித்த பெருமை. 1789-இல் கார்ன்வாலிஸ் வங்காளத்திலிருந்து அடிமைகளை ஏற்றுமதி செய்வதைத் தடுத்தார். அது மெய், பாராட்டுவோம். ஆனால் உள்ளூரில் வைத்திருப்பது நீடித்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமைத்தனத்தை ஒழித்ததாகக் கொண்டாடப்படும் 1833-ஆம் வருஷத்துச் சட்டம், கம்பெனியின் ராஜ்யத்தையும் இலங்கையையும் செயிண்ட் ஹெலினாவையும் பெயர் சொல்லி விலக்கிவைத்தது. 1843-இன் ஐந்தாவது சட்டமும் அடிமைமீது எஜமானன் கொண்டாடும் உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கலாகாது என்றதேயன்றி, அடிமையை வைத்திருப்பவனைக் குற்றவாளியாக்கவில்லை. மனிதனை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் தண்டிக்கும் பிரிவு 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான் வந்தது. அது அமலுக்கு வந்தது 1862 ஜனவரி முதல் தேதி, ஜோன்ஸ் அந்தப் படகுகளைப் பற்றிப் பேசி எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின்.