டிக் போட்டால் பம்பு ஓடுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என் சித்தி மகன் ஒரு விலைப்பட்டியலை என் பக்கம் தள்ளினான். சிராங்கூன் சாலையிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் உள்ள உணவகங்களின் ஃப்ரீசர், புகைபோக்கி விசிறி, மாவரைக்கும் கிரைண்டர் போன்றவற்றைப் பராமரிக்கும் சின்ன நிறுவனம் நடத்துகிறான். ஆறு ஊழியர்கள். இதுவரை எல்லாக் கணக்கும் ஒரு நீல டயரியிலும் வாட்ஸ்அப்பிலுமே ஓடியது. இப்போது ஒருவர் பராமரிப்பு மென்பொருள் விற்க வந்திருக்கிறார். எந்த இயந்திரத்துக்கு எப்போது சர்வீஸ், யார் போகிறார், எந்த உதிரிபாகம் கையிருப்பில் இருக்கிறது என்பதெல்லாம் கைத்தொலைபேசியிலேயே தெரியுமாம். மாதச் சந்தா.

“அண்ணே, இதனால காசு மிச்சமாகுமா, இல்ல இருக்கிற காசும் போகுமா?”

தொழிற்சாலைப் பராமரிப்பிலேயே காலத்தை ஓட்டியவன் நான். என்னிடம் கேட்டால் நேரடியாகப் பதில் வராது, கதைதான் வரும் என்பது அவனுக்கும் தெரியும். இன்னொரு டீ சொன்னான்.

2017 அக்டோபர் 7, சனிக்கிழமை. தீபாவளிக்குப் பதினொரு நாள் இருந்தது. பெருமழை. பீஷானுக்கும் பிரேடலுக்கும் இடையே எம்ஆர்டி சுரங்கப் பாதைக்குள் வெள்ளம் புகுந்தது. அங் மோ கியோவிலிருந்து நியூட்டன் வரை ரயில் ஓடவில்லை. அங் மோ கியோ, பீஷான் பக்கமிருந்து தேக்காவுக்குத் துணிமணி வாங்க வருபவர்கள் நியூட்டனில் மாறி வரலாம் அல்லவா? அதே வழிதான் அடைபட்டது. சேவை வழக்க நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 20 மணி நேரம் ஆனது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டார்கள்.

மழைநீரை வெளியேற்ற பீஷானில் பம்புகள் இருந்தன. அவற்றுக்குப் பராமரிப்பு அட்டவணையும் இருந்தது. 2016 டிசம்பர், 2017 மார்ச், 2017 ஜூன் என்று மூன்று முறை வேலை முடிந்ததாகக் கையெழுத்தும் இருந்தது. விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், அந்த மூன்று முறையும் வேலை நடக்கவே இல்லை. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் காவ் பூன் வான் நவம்பரில் நாடாளுமன்றத்தில் இதுபற்றி விளக்கமளித்தார். தொடர்புடைய ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.

அந்தச் செய்தியைப் படித்தவர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் நானும் அதைச் செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மேற்கே ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். இரவுப் பணியில் இரண்டே பேர், பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட வேலைகள். கட்டடத்தின் பின்புறம் ஒரு கழிவுநீர்க் குழி, அதில் ஒரு பம்பு. மூடியைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு, கணினி முன் உட்கார்ந்து அந்த வேலைக்கு டிக் போட்டேன். மூடியைத் தொடக்கூட இல்லை. அடுத்த மாதமும் அப்படித்தான். ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு மாதமும் பெரிய மழை பெய்யவில்லை, அவ்வளவுதான்.

சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த மென்பொருள் ஒரே ஒரு எண்ணைத்தான் மேலதிகாரிக்குக் காட்டியது: இந்த மாதம் எத்தனை விழுக்காடு வேலை முடிந்தது. அது குறைந்தால் திரை சிவப்பாகும், காலையில் கூட்டம் நடக்கும். பம்பு எப்படி இருந்தது என்று யாருமே கேட்கவில்லை. திரை எதைக் கேட்டதோ அதைக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். நிறுவனம் அந்த மென்பொருளுக்குக் கொடுத்த காசு மொத்தமும் என்னைப் பொய் சொல்லப் பழக்கத்தான் பயன்பட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பல ஆண்டுகள் கழித்து, வேறோர் இடத்தில் திட்டமிடும் பொறுப்பு எனக்கு வந்தபோது டிக் போடும் கட்டத்தை முதலில் எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், ஓடும் பம்பு எத்தனை ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது என்று எண்ணை எழுதவேண்டும். வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஒரு படம். முடியாவிட்டால் ‘முடியவில்லை’ என்று எழுதலாம், கூட்டம் கிடையாது. முதல் மாதம் திரையில் பாதிக்குச் சற்று மேல்தான் பச்சை. மேலதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் கிடைத்த முதல் உண்மையான எண் அதுதான். எந்த கம்ப்ரஸர் உதிரிபாகமாக விழுங்குகிறது என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

“சரிண்ணே, உண்மையாவே எழுதுறாங்கன்னு வைங்க. அப்புறம்?”

அப்புறம்தான் காசு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர் பராமரிப்புப் பதிவேடுகளை எடுத்து அலசினார். விமானங்கள் 50 மணி நேரம் பறந்ததும் முழுச் சோதனைக்குப் போகும். சோதனைக்குப் பிறகு பழுது குறையும் என்றுதானே நினைப்போம்? சோதனை முடிந்த கையோடு பழுது அதிகமாகி, நாள் போகப் போகக் குறைந்திருக்கிறது. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே கெடுதலாகியிருக்கிறது. பராமரிப்பைக் குறைத்தால் சில இடங்களில் லாபம் என்பது இப்படி வந்த பாடம். மென்பொருள் விற்பவர்களும் இதைத்தான் விற்கிறார்கள்: தரவைப் பார்த்து இடைவெளியை நீட்டுங்கள், செலவு குறையும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிழக்கு-மேற்கு ரயில் பாதையில் கிளமெண்டி அருகே ஒரு பழைய ரயிலின் அச்சுப் பெட்டி கழன்று விழுந்தது. சக்கர அச்சின் முனையில் பேரிங்கைத் தாங்கும் பாகம் அது. ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் தண்டவாளம் சேதம். பூன் லேயிலிருந்து குவீன்ஸ்டவுன் வரை ஆறு நாள் சேவை தடைபட்டது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விசாரணை சொன்ன இரண்டு விஷயங்களை நான் மறக்கவே மாட்டேன்.

முதலாவது, அந்தப் பாகத்தை முழுமையாகப் பிரித்துப் பராமரிக்கும் இடைவெளி 500,000 கிலோமீட்டரிலிருந்து படிப்படியாக 750,000 கிலோமீட்டராக நீட்டப்பட்டிருந்தது. அந்த ரயில் 690,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. அதாவது அட்டவணைப்படி எதுவும் தாமதமில்லை! திரையில் அது பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது, அச்சுப் பெட்டியின் சூட்டை அளக்கும் கருவி தண்டவாளத்தின் ஓரத்தில் இருந்தது. அன்று காலை அது 118 டிகிரி செல்சியஸ் என்று பதிவும் செய்தது. ஆனால் எந்த ரயில் என்ற அடையாளம் பதிவாகவில்லை. பெயரில்லாத எண்ணை நம்புவது எப்படி? தவறான அளவு என்று எடுத்துக்கொண்டார்கள். ரயில் தொடர்ந்து ஓடியது. கடைசியில் எஸ்எம்ஆர்டிக்கு 2.4 மில்லியன் வெள்ளி அபராதம்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப வாங்க வேணாங்கிறீங்களா?”

வாங்கு, ஆனால் ஒரு மாதம் கழித்து வாங்கு என்றேன். அதற்குள் டயரியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சமையலறைக்கும் போ. ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு எண் ஒட்டு. உன் பையன்களிடம் ‘சர்வீஸ் முடிந்தது’ என்று எழுதாதே, ஃப்ரீசர் என்ன டிகிரி காட்டுகிறது என்று எழுது என்று சொல். அதை வாரம் ஒரு முறை யார் உட்கார்ந்து படிப்பது என்பதை முடிவு செய். படிக்க ஆள் இல்லையென்றால் மென்பொருளும் டயரிதான், விலைதான் கூடுதல்.

விற்பனையாளரிடம் கேட்க ஒரு கேள்வியும் கொடுத்தேன்: பாதியில் நின்று போனால் என் பதிவுகளை நான் எக்ஸெல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சந்தா கட்டவேண்டாம்.

மூன்று வாரம் கழித்து இரவு பத்து மணிக்கு அழைத்தான். ஒரே உணவகத்தில் மூன்று ஃப்ரீசர். மூன்றையும் டயரியில் ‘சின்ன ஃப்ரீசர்’ என்றே எழுதியிருக்கிறார்கள். கேஸ் நிரப்பியதாக ஒரே ஆண்டில் நான்கு பதிவு. மூன்று பெட்டிக்கு நான்கு தடவை, பரவாயில்லை என்று இத்தனை நாள் விட்டிருக்கிறான். எண் ஒட்டிவிட்டுப் பையன்களிடம் விசாரித்தால் நான்கும் ஒரே பெட்டிக்கு, சுவரோரம் இருப்பது. காயிலில் கசிவு. ஒவ்வொரு தடவையும் கேஸுக்கு உணவகம் காசு கொடுத்திருக்கிறது. ஒரு தடவை உள்ளே இருந்த ஆட்டிறைச்சி முழுவதையும் வீசியிருக்கிறார்கள்.

“முதலாளிகிட்ட எப்படிண்ணே சொல்றது? நாலு தடவையும் பில் போட்டது நான்தானே.”

“உள்ளதைச் சொல்லு. காயிலை மாத்துறதுக்குக் கூலி வாங்காதே.”

“சொல்லிட்டேன். திட்டினாரு. அப்புறம் அவரோட இன்னொரு கடைக்கும் வந்து எண் ஒட்டச் சொன்னாரு.”

விற்பனையாளர் என்ன ஆனார் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறானாம்.