எட்டு நாள் தாமதம், 40,000 ரூபாய்

என் சித்தப்பா மகன் கோவையில் பம்ப்செட் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். 2024-25 நிதியாண்டில் அவன் சம்பளம் 9 லட்சம் ரூபாய். வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், பி.எஃப்., ஆயுள் காப்பீடு என்று சேமிப்பு ஒன்றரை லட்சம். பழைய வரிமுறையில் நிலையான கழிவு 50,000-ஐயும் சேர்த்துக் கழித்தால், வரிக்குரிய வருமானம் சரியாக 5 லட்சத்தில் வந்து நிற்கும். தள்ளுபடி போக, வரி ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நிறுவனம் கொடுத்த ஃபார்ம் 16-லும் அப்படித்தான் இருந்தது.

2025 செப்டம்பரில் சித்தி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரி வாசம் என்று அவன் அலைந்துகொண்டிருந்தபோது வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான கெடு, செப்டம்பர் 16, கடந்துபோனது. 24-ஆம் தேதி ஆடிட்டரிடம் போனான். நானும் கூடப் போயிருந்தேன். அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கட்ட வேண்டிய வரி: 33,800.

“சார், ஃபார்ம் 16-ல ஜீரோன்னுதானே இருக்கு?”

“தேதிக்குள்ள போட்டிருந்தா ஜீரோதான் தம்பி. இப்ப பழைய முறை கிடைக்காது.”

தாமதக் கட்டணம் 5,000. வட்டியும் சேர்ந்து தொகை 40,000-ஐத் தாண்டியது. எட்டு நாள் தாமதம், அவ்வளவுதான்.

தாமதமாகத் தாக்கல் செய்தால் ‘ஆயிரமோ ஐயாயிரமோ ஃபைன்’ என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அது பெருமளவு சரிதான். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நிலைமை வேறு. புதிய வரிமுறையே இயல்பான முறை என்றாகிவிட்டதால், பழைய முறை வேண்டுவோர் கெடு தேதிக்குள் கணக்கைத் தாக்கல் செய்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேதி தாண்டினால் புதிய முறைதான். வீட்டு வாடகைப் படி, 80சி சேமிப்பு, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி எல்லாம் அப்படியே போய்விடும். அந்த ஆண்டில், ஜூலை 31 கெடுவுக்குள் தாக்கலான 7.28 கோடி கணக்குகளில் 2.01 கோடி பழைய முறையில் வந்தவை. இந்த ஆபத்தின் விளிம்பில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இந்த எண்ணே போதும்.

இழப்பு இதோடு முடிவதில்லை. பங்குச் சந்தையில் நஷ்டப்பட்டவர் உரிய நாளில் தாக்கல் செய்தால், அந்த நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டு லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். தாமதித்தால் அந்த உரிமை போய்விடும். எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணத்தை இழந்ததாக 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி சொன்னது. ‘நஷ்டம்தானே, எதற்குக் கணக்கு?’ என்று சும்மா இருந்துவிடும் இளைஞர்கள் இரண்டாவது முறையும் இழக்கிறார்கள்.

சட்டத்தை நியாயமாகவே எடைபோடுவோம். கட்டாமல் வைத்திருக்கும் வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. அரசுக்குச் சேர வேண்டிய பணம் நம்மிடம் இருக்கிறது, வட்டி தர வேண்டியதுதான். ஆனால், நமக்குச் சேர வேண்டிய ரீஃபண்டுக்கு அரசு தரும் வட்டி மாதம் அரை சதவீதம். அதுவும் தாமதமாகத் தாக்கல் செய்தவருக்கு, தாக்கல் செய்த நாளிலிருந்துதான் கணக்கு. ஒரே பணத்துக்கு இரண்டு விலை இருக்கலாமா?

தாமதக் கட்டணத்தின் கதை இன்னும் வருத்தம் தருவது. முன்பு இது 271எஃப் பிரிவின்கீழ் விதிக்கப்படும் அபராதமாக இருந்தது. அபராதம் என்பதால், தக்க காரணத்தை அதிகாரியிடம் சொல்லி விலக்குப் பெறவும் வழி இருந்தது. 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 234எஃப் பிரிவைக் கொண்டுவந்து, அபராதத்தைக் ‘கட்டணம்’ ஆக்கியது. கட்டணத்துக்கு விசாரணை இல்லை, விளக்கம் கேட்பதில்லை, ஐ.சி.யு. வாசலில் காத்துக்கிடந்தவரும் கட்ட வேண்டும், அசட்டையாக இருந்தவரும் கட்ட வேண்டும். மொத்த வருமானம் 5 லட்சம் வரை 1,000. அதற்குமேல் எவருக்கும் 5,000. தள்ளுபடி போக வரியே இல்லாத 6 லட்சக்காரருக்கும் 5,000, 6 கோடி சம்பாதிப்பவருக்கும் 5,000. இதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

இத்தனைக்கும், 2025-ல் முதலில் தாமதித்தது அரசுதான். படிவங்களில் செய்த மாற்றங்களுக்கு ஏற்ப மென்பொருள் தயாராகவில்லை என்பதால் ஜூலை 31 கெடு செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனது. கடைசி நாளில் இணையதளம் திணறியதாகப் புகார்கள் குவிந்து, நள்ளிரவையொட்டி இன்னொரு நாள் கிடைத்தது. அரசுக்குக் கிடைத்த ஒன்றரை மாத அவகாசத்தை யாரும் குறைகூற வேண்டாம். அதில் கொஞ்சமாவது, காரணம் காட்டும் குடிமகனுக்கும் கிடைக்க வேண்டும்.

ஆகவே கேட்பது இரண்டு. தக்க காரணம் இருந்தால் கட்டணத்திலிருந்து விலக்குத் தரும் பழைய ஏற்பாடு திரும்ப வேண்டும். ஃபார்ம் 16-லேயே பழைய முறையில் வரி கணக்கிடப்பட்ட மாதச் சம்பளக்காரருக்கு, டிசம்பர் 31 வரை அந்த முறை செல்ல வேண்டும். அவர் எதையும் மறைக்கவில்லை. முதலாளி வழியாக எல்லாமே வருமான வரித் துறையின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

கேட்டால் நடக்குமா? நடந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் தாக்கலான புதிய வருமான வரி மசோதாவில், கெடு தேதிக்குள் கணக்குத் தராதவருக்கு ரீஃபண்ட் கிடையாது என்று பொருள்படும் விதி இருந்தது. எதிர்ப்பு எழுந்தது. பைஜயந்த் பாண்டா தலைமையிலான தேர்வுக் குழு அதை நீக்கச் சொன்னது. ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அந்த விதி இல்லை.

சட்டம் மாறும்வரை நம் பணத்தை நாம்தான் காக்க வேண்டும். கெடுவுக்குள் தாக்கல் செய்யாதவர்களுக்கு அந்த ஆண்டின் டிசம்பர் 31 கடைசி வாய்ப்பு. அதற்குப் பிறகு இருப்பது ‘புதுப்பிக்கப்பட்ட கணக்கு’ என்ற வழி மட்டுமே. நான்கு ஆண்டுகள் வரை அது திறந்திருந்தாலும், தாமதத்துக்கு ஏற்ப 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதல் வரி கட்ட வேண்டும். அதில் ரீஃபண்டும் கேட்க முடியாது. விட்டுப்போன ரீஃபண்டையும் நஷ்டத்தையும் மீட்க, உண்மையான இடர்ப்பாட்டைக் காட்டி முதன்மை ஆணையரிடம் தாமத மன்னிப்பு கோரலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. கணக்கை அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலமோ வேறு வழியிலோ சரிபார்ப்பை முடித்தாக வேண்டும். அந்த 30 நாள் தாண்டினால், நீங்கள் சரிபார்த்த நாள்தான் தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். ஏற்கெனவே அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றே ஒருமுறை இணையதளத்தில் நுழைந்து பார்த்துவிடுங்கள்.