ரீவைண்டிங் பில்லில் கம்பியின் வகை இருக்கட்டும்

எரிந்துபோன மோட்டாரைக் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் 'காயில் கட்டியது' என்று ஒற்றை வரியில்தான் பில் வருகிறது. உள்ளே சுற்றிய எனாமல் கம்பி எந்த வகை என்பதை யாரும் எழுதுவதில்லை, நாமும் கேட்பதில்லை. மோட்டாரின் ஆயுளோ முடியைவிட மெல்லிய அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. பாலியூரித்தேன் பூச்சுள்ள கம்பியைச் சுரண்டாமலே சால்டர் வைக்கலாம். ரிலே, சிறிய டிரான்ஸ்பார்மர்களுக்கு அதுவே தோது. சூட்டில் நெடுநேரம் ஓடும் மோட்டாருக்கு 180 டிகிரி வகுப்பான பாலியெஸ்டர்-இமைடோ, அதன்மேல் பாலிஅமைடு-இமைடு பூசிய 200 டிகிரி கம்பியோ வேண்டும். சுற்றே தண்ணீரில் மூழ்கியிருக்கும் சப்மெர்சிபிளுக்கு எனாமல் மட்டும் போதாது. பிளாஸ்டிக் உறையிட்ட கம்பிதான் தாங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் பூச்சின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது பொறியாளர்கள் நெடுநாளாகக் கையாளும் கணக்கு. அப்படிப் பார்த்தால், ஒரே சூட்டில் 155 வகுப்புக் கம்பியைவிட 180 வகுப்புக் கம்பி ஐந்து மடங்குக்கும் மேல் உழைக்கும்.

பூச்சைவிடப் பெரிய கேள்வி உலோகம். எனாமல் நிறம் சேர்த்த அலுமினியக் கம்பி பார்வைக்குச் செம்பு போலவே இருக்கும். அதன் மின்கடத்துதிறன் செம்பில் சுமார் 61 சதவீதம்தான். ஈடுகட்ட 1.6 மடங்கு தடித்த குறுக்குவெட்டு வேண்டும். செம்புக்கென வெட்டிய ஸ்லாட்டில் அதற்கு இடமில்லை. அதே கேஜில் சுற்றினால், அதே மின்னோட்டத்துக்கு 1.6 மடங்கு வெப்பம். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த இழப்பு விவசாயியின் கண்ணில் படாது. சுமப்பது மின்வாரியமும் வரி கட்டுபவர்களும்.

அலுமினியத்துக்கென்றே வடிவமைத்த மோட்டார்கள் உண்டே என்பார்கள். உண்டு, அவை நன்றாகவே ஓடுகின்றன. சொல்லாமல் மாற்றுவதுதான் தவறு. சிறு கடைகளுக்குச் சுமை என்பதும் பொருந்தாது. உலோகமும் கேஜும் வெப்ப வகுப்பும் நல்ல கம்பிச் சுருளின் லேபிளிலேயே உள்ளன. அதைப் பில்லில் எழுத அரை நிமிடம் ஆகாது. நேர்மையாகச் செம்பு சுற்றுபவர், மலிவாக மாற்றிச் சுற்றுபவரிடம் வேலையை இழக்காமலிருக்க அந்த வரியே உதவும். குறைந்த மின்னழுத்தமும் ஒரு பேஸ் போவதும்தானே மோட்டாரை எரிக்கின்றன என்ற வாதத்தில் பெரிய உண்மை இருக்கிறது. அதிலிருந்து எந்தக் கம்பியும் காப்பாற்றாது. ஆனால் மறுபடி எரியும்போது குறை கம்பியிலா, மின்விநியோகத்திலா என்று தேட அந்தப் பில்தான் முதல் சான்று.

அடுத்த முறை காயில் கட்டக் கொடுக்கும்போது விலையோடு உலோகம், கேஜ், வெப்ப வகுப்பு ஆகிய மூன்றையும் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.