அளைதல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் சற்று நின்றால், நம் செவியில் அடிக்கடி விழும் சொல் ஒன்று உண்டு. "அளையாதே!" என்பதே அது. பீலிக்கரை ஈரத்தில் குந்தியிருக்கும் குழந்தை மண்ணையும் நீரையும் குழைக்கிறது, குழைத்ததை அப்புகிறது, அப்பியதை அழிக்கிறது. எதற்காக என்று கேட்டால் அதற்கே விடை தெரியாது. துழாவுதல், கலத்தல் எனப் பொருள்படும் அச்சொல், தாயின் வாயில் கண்டிப்பாகவே வழங்குகிறது.

ஆயினும் நம் முன்னோர் இதனை இழிவாகக் கருதினாரல்லர். பிள்ளை கையிட்டுக் கலக்கிய கூழின் சுவையை வள்ளுவர் தேவருணவுக்கும் மேலாக வைத்தார். நெய்ச்சோற்றை மேலெல்லாம் சிந்திக்கொள்ளும் மக்களைப் பெறாத வாழ்வு பயனற்றதெனப் பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூற்றில் பாடினான். பெரியாழ்வாரோ, வெண்ணெயும் புழுதியும் படிந்த மேனியோடு நின்ற கண்ணனை அன்போடு நீராட அழைத்தார்.

மலையகத்திலே இவ்விளையாட்டுக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடக்கிவைத்த தேயிலைத் தொழில் எடையால் நடப்பது. பறித்த கொழுந்து தராசில் ஏறுகிறது. எடை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிறது. பிள்ளைகளின் விளையாட்டிலுங்கூட இது புகுந்துவிட்டது. ஒருத்தி சாக்குத் துண்டை முதுகில் தொங்கவிட்டுக் கொழுந்தெடுக்க, மற்றொருவன் கணக்கப்பிள்ளையாகி நிறுத்துப் பார்க்கிறான். மண்ணளையும் சிறு குழந்தையின் பொழுதுக்கு மட்டும் தராசு இல்லை. அந்தப் பொழுதையும் நாம் பறித்துவிடலாமா?

பயனற்றதாய்த் தோன்றும் அவ்வேளையில், நீர் மிகுந்தால் மண் வழியும், குறைந்தால் உதிரும் என்பதைக் குழந்தையின் கை தானே கற்றுக்கொள்கிறது. விளையாட்டு குழந்தையின் உரிமை என 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமை உடன்படிக்கை 31ஆம் உறுப்புரையில் கூறுகிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்றது.

எனினும் தாயின் அச்சம் வீணானதன்று. லயத்தின் முன் அழுக்குக் கான் ஓடுகிறது. அசுத்த மண்ணிலுள்ள கொக்கிப்புழு வெறுங்காலின் தோல்வழியே உடலுட் புகும். மருந்து தெளித்த வெறும் போத்தலும் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாகிவிடும். ஆகவே கானுக்கு எட்டத்தில், பிள்ளை மடுவத்தின் அருகிலோ வீட்டு மூலையிலோ, சிறிது நல்ல மண்ணும் ஒரு பழைய பேசினில் நீரும் வைப்போம். தம்பி தங்கையரைக் காக்கும் மாணவ மாணவியர் அருகிருந்து பார்க்கட்டும். ஆட்டம் முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகால்களைக் கழுவிவிடட்டும். புழு மருந்தையும் காலந்தவறாது கொடுப்போம்.

"அளையாதே" என்று அதட்டுவதை விடுத்து, "இங்கே வந்து அளை" என்று அழைப்போம்.