இயக்கச்சி நாய்களுக்கு ஒரு கடமை கொடுங்கள்

மதிப்புக்குரிய வடமாகாண ஆளுநர் அவர்களுக்கு,

உடுவிலிலிருந்து எழுதுகிறேன். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் இங்கே சிலர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டது. புனர்வாழ்வு பெற்றுத் திரும்பிய ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளிலும், ஆயுதமே தொடாமல் காலையும் கண்ணையும் இழந்த சனங்களிலும் பலர் பகலைச் சமாளித்துவிடுகிறார்கள்; இரவில் அலறி எழுகிறார்கள். அவர்களுக்காக ஒரு கோரிக்கை. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை பராமரிக்கும் கட்டாக்காலி நாய்களில் தகுந்தவற்றைத் தெரிந்து, பழக்கி, இவர்களுக்குத் துணையாகக் கொடுக்க ஒரு முன்னோடித் திட்டம் தொடங்குங்கள்.

உலகில் இது நூறாண்டு தாண்டிய முயற்சி. முதலாம் உலகப்போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி திறக்கப்பட்டது. அமெரிக்காவில் 'கே9ஸ் ஃபோர் வாரியர்ஸ்' அமைப்பு 2011 முதல், பெரும்பாலும் காப்பகத்து நாய்களையே பழக்கி, மனவடுவோடு திரும்பிய படைவீரர்களிடம் சேர்க்கிறது. நாய் பெற்றவர்களையும் அதற்காகக் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தின் பின் நாய் பெற்றவர்களிடம் மனவடு அறிகுறிகள் குறைவாகக் காணப்பட்டன. படைவீரர்கள் தாங்களே நாய்களைப் பழக்குவதைச் சிகிச்சையாக நடத்திப் பார்க்க 2021இல் அங்கே சட்டமும் வந்தது.

அந்த நாய் என்ன செய்யும்? கெட்ட கனவில் ஒருவர் புரளத் தொடங்கியதும் போர்வையை இழுத்து எழுப்பும். மருதனார்மடம் சந்தை போன்ற நெரிசலில் அவருடைய முதுகுப்பக்கம் நின்று, பின்னால் வருபவரை ஓரடி விலக்கி வைக்கும். கை தவறி விழுந்த ஊன்றுகோலைக் கவ்விக் கொடுக்கும். ஆளைத் தாங்கிப் பிடிக்க எங்கள் ஊர் நாயின் உடம்பு போதாது. மற்ற எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும்.

எல்லா நாயும் சரிவராது. பக்கத்தில் ஒரு சட்டியை விழுத்திப் பாருங்கள். ஓடி ஒளிவதையும் சீறுவதையும் விட்டுவிடலாம். திடுக்கிட்டுவிட்டு, என்னவென்று மோந்து பார்க்கத் திரும்பி வருகிறதே, அதுதான் வேண்டும். அதற்கும் பல மாதப் பயிற்சி தேவை. விசர்நாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் கட்டாயம். நாய்க்குப் பயப்படும் ஒருவரிடம் அதைத் திணிக்கவும் கூடாது.

இதற்கு வேண்டிய கால்நடை வைத்தியர் ஒரு திணைக்களம், சமூகசேவை உத்தியோகத்தர் இன்னொன்று, மனநல வைத்தியர் வேறொன்று. 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் காலம் முடிந்தபின் இவர்களை ஒரே மேசையில் இருத்தும் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது. 1987 முதல் செயற்கைக்கால் செய்துவரும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையமும், பார்வையிழந்தோருக்கான சுன்னாகம் வாழ்வகமும் யாருக்கு எது தேவையென்று சொல்லும்.

பத்து நாய், பத்துப் பேர் என்று தொடங்கலாம். பயிற்றுநர் வேலைக்கு முதலில் போரில் காயப்பட்டவர்களையே சம்பளத்தோடு அழையுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் மறிக்கக்கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். ஆகவே பழக்கப்பட்ட நாயோடு அவர் பஸ்ஸில் ஏறவும் வைத்தியசாலைக்குள் போகவும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

ஓராண்டில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பலன் கிடைத்தால் தெற்கே இதே கனவுகளோடு விழித்தெழும் சிப்பாய்க்கும் அந்தப் பயிற்சி போய்ச் சேர வழிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
உடுவில் வாசி ஒருவர்