அஸருக்குப் பிறகு மைதானத்தில் நிற்பவர்

 

பொன்னாடையிலிருந்தே தொடங்குகிறோம். மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான நம்மட கரையோரத்தில் ஒருவரை மதிக்க நினைத்தால் மேடை போடுவோம், பொன்னாடை போர்த்துவோம், சட்டம் போட்ட வாழ்த்துப்பா கொடுப்போம், படத்தை முகநூலில் போடுவோம். பட்டங்களுக்கும் பஞ்சமில்லை. பத்துப் பதினைந்து வருடமாக ஓர் இளைஞர் கழகத்தைச் சுமந்து வருபவரின் வீட்டு அலுமாரியைத் திறந்தால் அப்படி இரண்டு மூன்று பொன்னாடை மடித்தபடி கிடக்கும். அப்படி ஒருவரின் மனைவி எங்களிடம் சொன்னார்: "பொன்னாட போத்துற ஆக்கள்ள ஒராள் ஒரு நாளைக்கி அந்தப் பந்துப் பையத் தூக்கிட்டுப் போனாக் காணும்." இந்த வேண்டுகோளை எழுத வைத்தது அந்த ஒரு பேச்சுத்தான்.

நாங்கள் யார் என்று கேட்பீர்கள். எந்தக் கட்சியும் இல்லை, பதிவு செய்த அமைப்பும் இல்லை. ஒரு காலத்தில் இந்தக் கழகங்களில் ஆடிப் பாடித் திரிந்தவர்களும், இப்போது பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கும் தாய் தகப்பன்மாரும்.

1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் பதிவான கழகங்கள் நம் ஊர்களில் உண்டு. 13 வயதில் சேரலாம், 29 வரை இருக்கலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் பொடியன்மாரும் பிள்ளைகளும்தான். அது நல்ல ஏற்பாடு. ஆனால் முப்பதைத் தாண்டியும் போகாமல் நிற்கும் ஒருவராவது எல்லா ஊரிலும் இருக்கிறார். சட்டப்படி அவர் உறுப்பினர் இல்லை. கடிதத் தாளின் ஓரத்தில் 'ஆலோசகர்' என்று பெயர் இருந்தால் பெரிய விசயம். கழக அறையின் சாவி மட்டும் அவர் இடுப்பில் இருக்கும். விளையாட்டுக் கழகம், சாரணர் குழு, முஸ்லிம் வாலிபர் சங்கக் (வை.எம்.எம்.ஏ.) கிளை, எதை எடுத்தாலும் இதே கதைதான்.

அப்படி ஒருவர் என்ன செய்கிறார் என்று ஒரு நாள் பின்னால் போய்ப் பார்த்தோம். ஆள் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். நாலரைக்கு வீடு வந்து, அஸர் தொழுது, சைக்கிள் கரியரில் வலையையும் ஹேண்டிலில் பந்துப் பையையும் கட்டினார். போகிற வழியில் இரண்டு வீட்டு வாசலில் மணி அடித்தார். இரண்டாவது வீட்டில் பையன் வரவில்லை, உம்மாதான் வந்தார். "மாஸ்டர், அவன் ரெண்டு நாளா ஆரோடயும் பேசுறானில்ல." சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு உள்ளே போனவர் பத்து நிமிடம் கழித்துப் பையனோடு வெளியே வந்தார். உள்ளே என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மைதானத்தில் முதல் வேலை கண்ணாடித் துண்டு பொறுக்குவது. மஃரிப் பாங்கு சொன்னதும் விளையாட்டு நின்றது. வலையைச் சுருட்ட நின்றவர்கள் மூன்று பேர். கடைசிப் பையனைக் கூட்டிப்போக ஆள் வரும்வரை, கைபேசி வெளிச்சத்தில் அவரும் அந்தப் பையனும் மதில் ஓரமாக நின்றார்கள். தகப்பன் வந்தார், ஹோர்ன் அடித்தார், பையனை ஏற்றிக்கொண்டு போனார். ஸலாம் கூடச் சொல்லவில்லை.

அவருடைய கணக்குக் கொப்பியையும் பார்த்தோம். நாற்பது பக்கப் பாடசாலைக் கொப்பி. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தண்ணீர்ப் போத்தல், வாழைப்பழம், வான் கூலி, காயத்துக்குப் பஞ்சும் பிளாஸ்டரும். பல பக்கங்களின் அடியில் பென்சிலால் ஒரு சிறிய 'சொந்தம்'. செலவு வரவை மிஞ்சிய இடமெல்லாம் அந்தச் சொல் இருக்கிறது. ஏன் பென்சில் என்று கேட்டதற்கு, "எப்பயாவது காசு வந்தா அழிக்கலாமே" என்றார். எந்தப் பக்கத்திலும் அழித்த அடையாளம் இல்லை.

பெண் பிள்ளைகளோடு வேலை செய்யும் ராத்தாமாரின் பாடு இதைவிடக் கடினம். கல்முனையில் முதலுதவிப் பயிற்சி என்றால்கூட, மூன்று நாள் முன்பே வீடு வீடாக ஏறி, வாப்பாவிடமும் காக்காமாரிடமும் அனுமதி வாங்க வேண்டும். "நான் கூட்டிப் போய் நானே கொண்டுவந்து விடுவன்" என்று ஒவ்வொரு வாசலிலும் வாக்குக் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளை அரை மணித்தியாலம் பிந்தினால் அடுத்த முறை பத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். மேடையில் இவர்களுக்குப் பொன்னாடையும் கிடைப்பதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கரைக்கு யாரும் நினைவுபடுத்தத் தேவையில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அன்று ஜனாஸாக்களைத் தூக்கியதும், பாடசாலைகளில் அகதியானவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டியதும், காணாமல் போனவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதியதும் பெரும்பாலும் ஊர்ப் பொடியன்மார். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோதும், படையினரோடு சேர்ந்து தண்ணீரில் இறங்கித் தேடியவர்களில் நம்மட ஊர் இளைஞர்கள் இருந்தார்கள். கயிறு கட்டத் தெரிந்த, ஒரு சொல்லுக்கு வரிசையாக நிற்கத் தெரிந்த பொடியன் அன்று காலையில் முளைத்தவன் இல்லை. யாரோ ஒருவர் பல வருடம் மாலை நேரத்தைக் கொடுத்திருக்கிறார். வெள்ளம் வடிந்ததும் பொடியன்மாரைப் பாராட்டினோம். அந்த யாரோ ஒருவர் வழக்கம்போல விடுபட்டுப் போனார்.

2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பின்னான மாதங்களும் நினைவிருக்கும். நம் பிள்ளைகள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினாலே கேள்வி வந்த காலம் அது. அந்த நாட்களில் உறுப்பினர் பட்டியலையும் கூட்ட அறிக்கைப் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, "இவர்கள் என் பிள்ளைகள், இன்ன நேரம் இன்ன இடத்தில் விளையாடுகிறார்கள்" என்று போய்ச் சொன்னவர்களும் இவர்களே. இன்றைக்கோ 'ஐஸ்' என்ற போதைப்பொருளின் பெயரைக் கேட்டால் நம் எல்லோர் வயிறும் கலங்குகிறது. ஜும்ஆ பயான்களில் பேசுகிறோம், ஊர்வலம் போகிறோம். ஒரு பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்பது முதலில் யார் காதுக்கு வருகிறது என்பதை மேலே எழுதிவிட்டோம்.

குறைகளையும் பேசிவிடுவோம். "இவருக்கு இதில என்ன லாபம்? எலெக்சன் கேக்கப் போறார் போல" என்று சந்தியில் ஒரு பேச்சு எப்போதும் இருக்கும். கழகத்தை ஏணியாக்கி ஏறிப் போனவர்கள் உண்டுதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஏறாமல் கீழேயே நிற்பவர்கள் அவர்களைவிட எத்தனையோ மடங்கு. இன்னொன்று, ஒருவரை மதிப்பது வேறு, அவரைக் கேள்வி கேட்காமல் விடுவது வேறு. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வளர்ந்தவர் ஒருவர் மட்டும் தனியே இருக்கக் கூடாது, இரண்டு பேராவது வேண்டும். கணக்குக் கொப்பியை வருடத்துக்கு ஒரு தடவை பெற்றோர் பார்க்க வேண்டும். இதில் நல்ல மனிதருக்கு அவமானம் எதுவும் இல்லை, அவருக்குப் பாதுகாப்பும் அதுவே. இன்று அவர் தனியே நிற்பது அவருடைய ஆசையால் அல்ல. இரண்டாவது ஆள் வராததால்தான்.

ஆள் தட்டுப்பாடு நமக்கு மட்டும் வந்ததல்ல. சாரணர் இயக்கம் தொடங்கிய பிரித்தானியாவிலேயே, வழிநடத்தப் பெரியவர்கள் போதாமல் பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார்கள். ஆனால் நம் ஊரில் பட்டியல் போட்டுக் காத்திருக்க மாட்டார்கள், பிள்ளைகள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது நேரம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தாதியர், வங்கியில் வேலை செய்பவர்கள், நெசவு, மீன்பிடி, வயல் என்று தொழில் தெரிந்தவர்கள் இரண்டு கிழமைக்கு ஒரு மாலை தந்தால் போதும். கரைவலை இழுப்பவர் வந்து கயிறு முடிச்சுச் சொல்லிக் கொடுக்கட்டும். வட்டவிதானையார் வந்து வாய்க்கால் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று சொல்லட்டும். பள்ளிவாசல் நிருவாகங்களுக்கு: மழைக்காலத்தில் மைதானம் குளமாகிவிடும். அந்த இரண்டு மூன்று மாதம் மண்டபத்தின் ஒரு பக்கத்தையும் ஒரு மின்குமிழையும் தாருங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் தம்பிமாருக்கு: நீங்கள் அனுப்பிய ஜேர்சி போதும். உண்மையாகவே போதும். சீருடை அறிமுக விழாவுக்குச் செலவாகும் காசில் ஒரு பங்கை வான் கூலிக்கு அனுப்புங்கள், அந்தப் பென்சில் எழுத்து அழியட்டும். வர்த்தகர்களே, உங்கள் கடைப் பெயரைப் பெனரில் போடுவோம், பிள்ளைகளின் படத்தைவிடச் சின்னதாக.

தாய் தகப்பன்மாரிடம் கேட்பது மிகச் சின்னது. மஃரிபுக்கு ஐந்து நிமிடம் முந்தி வாருங்கள். வாகனத்தை விட்டு இறங்குங்கள். ஸலாம் சொல்லி, வலையின் ஒரு நுனியைப் பிடியுங்கள்.

டிசம்பர் 5 உலகத் தொண்டர் தினம், ஐக்கிய நாடுகள் சபை 1985இல் குறித்த நாள். அன்றைக்கு விழா எடுக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். வேண்டாம் என்று விட்டோம். அந்தக் கிழமைக்குள் ஒவ்வொரு ஊரிலும் கழக அறைச் சாவிக்கு இரண்டாவது பிரதி ஒன்று வெட்டப்பட்டு, அதை வாங்க ஓர் ஆள் இருந்தால் எங்களுக்குப் போதும்.

பெயர் கொடுக்க எங்களைத் தேட வேண்டாம். உங்கள் ஊர் மைதானத்துக்குப் போங்கள். அஸருக்குப் பிறகு அவர் அங்கே இருப்பார், கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டு.

இப்படிக்கு,
கரையோர ஊர்களின் பழைய கழக உறுப்பினர்களும் பெற்றோரும்