புகார் வராவிட்டால் வலி இல்லையா?

"கோல சிலாங்கூர் தோட்டத்து ஆட்கள் சொல்லும் கோவிட் தடுப்பூசிப் பக்கவிளைவெல்லாம் படிக்காதவர்களின் பயம், உண்மையென்றால் புகார் செய்திருப்பார்களே" என்கிறார் நண்பர். பயம் தோட்டத்துச் சொத்தா? 2021 ஏப்ரலில் அஸ்ட்ராசெனெகாவைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, விரும்பியவர்களுக்கு மட்டும் என்று மலேசிய அரசு மாற்றியதே மக்களின் அச்சத்தால்தான். புகாருக்கு அரசின் மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலி இருந்ததாம். அந்த வட்டாரத்து ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பட்டன் போன் வைத்திருந்த பெரியவர்கள் எதை அழுத்துவது? இரண்டு நாள் காய்ச்சல் மருத்துவருக்குச் சாதாரணம். செம்பனைக் குலை வெட்டும் நாள்கூலிக்காரருக்கு இரண்டு நாள் சம்பளம். ஊசியால் நேரும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம் ரிங்கிட் உதவித்தொகை அறிவித்த அரசே பக்கவிளைவை மறுக்கவில்லை. ஊசிக்குப் பின் வந்த எல்லா நோயும் ஊசியால் வந்ததல்ல, சரி. அதைச் சொல்ல ஒரு மருத்துவர் அவர்களைப் பார்த்திருக்க வேண்டும். நண்பரோ பார்க்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.